அடிவானத்துக்கு அப்பாலிருந்து வரும் படம்

1980களில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலின் இரு கரைகளிலும் கூரைகளுக்கு மேலே நீண்ட இரும்புக் குழாய்கள் எழுந்து நின்றன. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் குழாயின் உச்சியில் இருந்த ஆண்டெனா இலங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பிடிக்க அந்த ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அதே மாதிரிக் குழாய்கள் மேற்கே பார்த்தன. அங்கிருந்தவர்கள் தேடியது கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூர்தர்ஷனை. இரு நாட்டு ஒளிபரப்பாளர்களும் எதிர்க்கரை வீடுகளை மனத்தில் வைத்துக் கோபுரம் கட்டவில்லை. கிடைத்த அலை மிக மெலிந்த அலை. ஆனாலும் படம் வந்தது. சில மாலைகளில் உள்ளூர் நிலையம் போலத் துல்லியமாகவே வந்தது.

மெலிந்த அலைக்கு எந்த ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரையை விட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. அந்த வீட்டுக்காரர்களும் ஊர் மெக்கானிக்குகளும் குழாயை உயர்த்தியும், திருப்பியும், குச்சிகளைக் கூட்டியும் பட்டறிவால் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி இயற்பியலுக்குப் பொருந்துகிறது. பொருந்தாத ஒரு விஷயமும் உண்டு: அலையைப் பெருக்கும் பூஸ்டரின் மீது வைத்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்றும் உலகெங்கும் ஆண்டெனா வாங்குகிறவர்களின் பணத்தைக் கரைக்கிறது என்பதால், அதைப் பிறகு விரிவாகவே பார்ப்போம்.

முதலில் தூரக் கணக்கு. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. பூமியோ வளைந்திருக்கிறது. ஆகவே எந்தக் கோபுரத்துக்கும் ஓர் அடிவானம் உண்டு; அதற்கப்பால் பூமியின் நிழல். காற்று மேலே போகப் போக அடர்த்தி குறைவதால் அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது, அதனால் ரேடியோ அடிவானம் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தை விடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இந்த வளைவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

கொடைக்கானல் மலை சுமார் 2,100 மீட்டர் உயரம். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 46. அடிவானம் 189 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தில் 15 மீட்டர் குழாய் நட்டால் அதன் பங்குக்கு 16 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 205. ஆனால் கொடைக்கானலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 285 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்து வீடு அடிவானத்துக்கு அப்பால் 80 கிலோமீட்டர் நிழலுக்குள் இருக்கிறது. மறுபக்கமும் கதை இதுதான். ரூபவாஹினியின் முக்கியக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை இலங்கையின் மிக உயர்ந்த சிகரம், 2,524 மீட்டர். அதன் அடிவானம் 207 கிலோமீட்டர். ராமேஸ்வரமோ சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாகப்பட்டினம் 400க்கும் மேல்.

இந்த நிழல்தான் உண்மையான எதிரி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் வலு நான்கில் ஒன்றாகும், அதாவது 6 டெசிபெல் குறையும். (டெசிபெல் கணக்கில் 3 என்றால் இரு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு, இந்த அத்தியாயத்துக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.) நூறு கிலோமீட்டர் இருநூறாக ஆவதற்கு அந்த 6 டெசிபெல்தான் விலை. அடிவானத்தைத் தாண்டிவிட்டாலோ ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் அதே அளவு இழப்பு ஏறிக்கொண்டே போகிறது. விளிம்பில் மடங்கி நிழலுக்குள் கசியும் கொஞ்சம் அலைதான் யாழ்ப்பாணத்துக்கு அன்றாடம் கிடைத்தது. அதனால்தான் வழக்கமான நாட்களில் படம் முழுக்கப் புள்ளி விழுந்திருக்கும். முகம் தெரியும், எழுத்து தெரியாது.

அப்படியானால் அந்தத் துல்லியமான மாலைகள்? அவற்றைக் கொடுத்தது கடல். கோடையில் நிலத்தில் சூடேறிய வறண்ட காற்று கடலின் மேல் பரவுகிறது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் ஈரம் நிறைந்தும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில பத்து மீட்டர் உயரத்துக்குள் ஈரம் சட்டென்று குறைகிறது, அதோடு காற்றின் ஒளிவிலகல் எண்ணும் சட்டென்று குறைகிறது. அந்த எல்லையில் அலை பூமியின் வளைவுக்கு இணையாகவோ அதைவிட அதிகமாகவோ வளைந்துவிடும். கடலின் பரப்புக்கும் அந்த எல்லைக்கும் இடையே சிக்கிய அலை, மேலே சிதறாமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று, அரபிக் கடலைத் தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரையின் எதிரொலியைப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் பிடித்திருக்கிறது. அதே கடற்காற்று வித்தைதான் நம் கரையிலும் நடந்தது.

இதிலிருந்து தேர்வுக்கு உதவும் முதல் பாடம் கிடைக்கிறது. நல்ல மாலையில் எந்த ஆண்டெனாவும் வேலை செய்யும். ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பது மோசமான மதியத்துக்காக.

குழாயை உயர்த்துவதால் என்ன லாபம்? அடிவானக் கணக்கில் பார்த்தால் ஏமாற்றம்தான். 15 மீட்டரை 30 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏழு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் உயர்த்தியவர்களுக்குப் படம் தெளிந்தது, அதற்குக் காரணம் வேறு. தொலைவிலிருந்து தாழ்ந்து வரும் அலை, நேராக ஒரு முறையும் தரையில் பட்டு ஒரு முறையும் ஆண்டெனாவுக்கு வருகிறது. தரையில் பட்டு வரும் அலை தலைகீழாகத் திரும்பியிருக்கும். தரைக்கு அருகே இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். மேலே போகப் போக அழிப்பு குறையும். திறந்த சமவெளியில் உயரத்தை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் கிடைப்பது இப்படித்தான். இதற்கு ஈடான லாபத்தை ஆண்டெனாவில் குச்சி கூட்டிப் பெற வேண்டுமானால் அதன் நீளத்தை நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஆக்க வேண்டியிருக்கும். கைவசம் இருக்கும் பணத்தைக் குழாய்க்குச் செலவிடுவதா, பெரிய ஆண்டெனாவுக்குச் செலவிடுவதா என்று யாராவது கேட்டால், காற்றையும் இடியையும் தாங்கும் அளவுக்குள் குழாய்க்கே என்பேன்.

இனி ஆண்டெனா. அதன் அடிப்படை உறுப்பு அரை அலைநீளக் குச்சி. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். சென்னைத் தூர்தர்ஷனின் பழைய நான்காம் சேனல் 62 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, அலைநீளம் 4.8 மீட்டர், குச்சி 2.4 மீட்டர். மொட்டைமாடியில் அது ஒரு பெரிய ஆகிருதி. 200 மெகாஹெர்ட்ஸில் குச்சி 75 சென்டிமீட்டர். 550 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் (அதி உயர் அலைவெண்) சேனலுக்கு 27 சென்டிமீட்டர்தான்.

சிறிய குச்சி வசதியாகத் தெரியும். மெலிந்த அலைக்கு அது வசதியல்ல. ஒரு குச்சி தன்னைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட பரப்பிலிருந்து அலையின் ஆற்றலை எடுக்கிறது, அந்தப் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 62 மெகாஹெர்ட்ஸ் குச்சி ஏறக்குறைய 3 சதுர மீட்டரிலிருந்து எடுக்கும். 550 மெகாஹெர்ட்ஸ் குச்சி எடுப்பது 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரத்திலிருந்து மட்டுமே. அலை அதே வலுவோடு வந்தாலும் கைக்கு வருவது எண்பதில் ஒரு பங்கு. யுஎச்எஃப் ஆண்டெனாக்களில் இத்தனை குச்சிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். கிட்டத்தில் கோபுரம் உள்ள வீட்டுக்குப் போதுமான கைக்குட்டை அளவு ஒட்டு ஆண்டெனாவை, தொலைதூரக் கோபுரத்துக்காக யாரும் வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

குச்சிகளை அடுக்குவதன் சூட்சுமம் ஜப்பானின் செண்டாய் நகரிலிருந்து வந்தது. தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிண்டாரோ உடா 1920களின் நடுவில் அதைச் சோதனை சோதனையாகக் கட்டி எழுப்பினார். அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928இல் ஆங்கிலத்தில் அதைப் பற்றி எழுத, உலகம் யாகி ஆண்டெனா என்றே பெயர் வைத்துவிட்டது. வேலையின் பெரும்பகுதி உடாவுடையது. யாகி-உடா என்று சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கேபிள் இணைந்திருப்பது ஒரே ஒரு குச்சியில். அதன் பின்னால் சுமார் 5 சதவீதம் நீளமான ஒரு குச்சி, முன்னால் சற்றே குட்டையான பல குச்சிகள். இவை எதிலும் கம்பி இணைப்பு கிடையாது. வரும் அலை அவற்றில் மின்னோட்டத்தை எழுப்ப, அவை அந்த அலையைத் திரும்ப வீசுகின்றன. நீளங்களும் இடைவெளிகளும் சரியாக அமைந்தால், முன்னாலிருந்து வந்த அலைக்கு எல்லாக் குச்சிகளும் வீசுவது நடுக் குச்சியில் ஒன்றுசேர்கிறது. பின்னாலிருந்து வருவது ஒன்றையொன்று அழிக்கிறது.

திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரோ பேசினால் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவிக்கிறோம். பேசுகிறவர் குரலை உயர்த்தவில்லை. நம் காது ஒரு பக்கத்தை ஏற்று மற்ற பக்கங்களை மறுக்கிறது, அவ்வளவுதான். ஆண்டெனா தரும் ஆதாயமும் இதே வகை. அது ஒரு வாட் ஆற்றலைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. அதனால்தான் அந்த ஆதாயத்தோடு எந்த இரைச்சலும் சேர்வதில்லை. குழாயின் உயரத்தைத் தவிர்த்தால், மின்சாரம் தின்னாத, இரைச்சல் சேர்க்காத ஆதாயம் இந்த முழு ஏற்பாட்டிலும் இந்த ஓர் இடத்தில்தான் கிடைக்கிறது. மூன்று குச்சி ஆண்டெனா சுமார் 7 டெசிபெல் தரும். அதற்குப் பிறகு நடுக்குழாயின் நீளத்தை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 டெசிபெல் சேரும். இரண்டு ஒரே மாதிரி ஆண்டெனாக்களைச் சரியான இடைவெளியில் கட்டி இணைத்தாலும் அதிகபட்சம் 3. விளம்பரப் பெட்டியில் 36 டெசிபெல் என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் பூஸ்டருடையது என்று அறிக.

பூஸ்டருக்கு வருவோம்.

அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அந்த அசைவே ஓர் இரைச்சல். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தொலைக்காட்சி சேனலுக்குள் விழும் அந்த இரைச்சல், ஒரு வாட்டில் 40 லட்சம் கோடியில் ஒரு பங்கு. அற்பமாகத் தோன்றும். அடிவானத்துக்கு அப்பாலிருந்து வரும் அலையும் அதே அற்ப அளவை நெருங்கிவிடுவதுதான் சிக்கல். தாழ்ந்த விஎச்எஃப் (மிக உயர் அலைவெண்) சேனல்களில் இதற்கு மேல் வானமும் சேர்கிறது. பால்வீதியிலிருந்து ரேடியோ இரைச்சல் வருவதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். நான்காம் சேனலில் விழுந்த புள்ளிகளில் கொஞ்சம் விண்மீன் கூட்டத்தின் பங்கு. யுஎச்எஃப்பில் வானம் அமைதியானது; அங்கே இரைச்சலின் பெரும்பகுதி நம் தொலைக்காட்சிப் பெட்டியே உண்டாக்குவது.

ஜான்ஸ்கிக்கு மேலதிகாரியாக இருந்தவர் டென்மார்க்கில் பிறந்த ஹரால்ட் ஃப்ரீஸ். ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த கருவிகளில் இரைச்சல் எப்படிச் சேர்கிறது என்பதை 1944இல் ஒரு சிறிய சூத்திரமாக எழுதினார். அதன் சாரம்: முதலில் நிற்கும் கருவி சேர்க்கும் இரைச்சல்தான் முடிவைத் தீர்மானிக்கும், அதற்குப் பின்னால் நிற்பவை சேர்ப்பது, முதல் கருவியின் பெருக்கத்தால் வகுபட்டுப் போகும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கூரையிலிருந்து பெட்டி வரை 30 மீட்டர் கேபிள். யுஎச்எஃப்பில் அது 5 டெசிபெல்லைத் தின்னும். பெட்டியின் சொந்த இரைச்சல் 7 டெசிபெல். பூஸ்டர் இல்லாவிட்டால் இரைச்சலின் மொத்தச் சுமை 12. இப்போது 2 டெசிபெல் இரைச்சலும் 15 டெசிபெல் பெருக்கமும் உள்ள பூஸ்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக்குள், வைக்கிறோம். சுமை 7.3 ஆகக் குறைகிறது. அதே பூஸ்டரைக் கழற்றிக் குழாயின் உச்சியில், ஆண்டெனாவின் வாயிலேயே வைத்தால் சுமை 3.1. ஒரே கருவி, ஒரே விலை. இடம் மாறியதில் 4 டெசிபெல் லாபம். 4 டெசிபெல் என்பது ஆண்டெனாவின் நீளத்தை இரட்டிப்பதை விட அதிகம்.

அதோடு நிறுத்திக்கொள்ளாமல் 20 டெசிபெல் பூஸ்டர் வாங்கினால்? சுமை 2.4. கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு டெசிபெல்கூடத் தேறவில்லை. 30 டெசிபெல் வாங்கினாலும் 2க்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் அது பூஸ்டரின் சொந்த இரைச்சல். ஆகவே பூஸ்டர் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் அதன் பெருக்கம் அல்ல, அதன் இரைச்சல் எண். கடைக்காரர் பெருக்கத்தைத்தான் உரக்கச் சொல்வார். மெலிந்த அலையோடு வந்த இரைச்சலை எந்தப் பூஸ்டராலும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும். கேபிளில் அலை தேய்வதற்கும் பெட்டியின் இரைச்சல் சேர்வதற்கும் முன்னால் அதைத் தூக்கிவிடுவது மட்டுமே பூஸ்டர் செய்யும் சேவை. கேபிள் 5 மீட்டர்தான் என்றால் அதற்கான தேவை குறைந்துவிடும்.

இணைப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய ஆண்டெனாவின் நடுக் குச்சி மடித்த குச்சி. அதன் நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு திருகுகள், அவற்றைச் சுற்றிய செம்புக் கம்பி. கடற்கரை ஊரில் அந்தச் செம்பு வெகு சீக்கிரம் பச்சை பிடித்து, தொட்டால் உதிரும். பல வீடுகளில் ஆண்டெனா கெட்டுப்போனதாக நினைத்தபோது உண்மையில் கெட்டிருந்தது இந்த இரண்டு திருகுகள்தான். அங்கிருந்து இறங்கிய தட்டையான 300 ஓம் ஒயர், காய்ந்திருக்கும்போது இன்றைய வட்டக் கேபிளை விடக் குறைவாகவே தின்னும். நனைந்தால், உப்பு படிந்தால், இரும்புக் குழாயை ஒட்டிப் போனால் அந்த நன்மை போய்விடும். இன்று 75 ஓம் வட்டக் கேபிளே சரியான தேர்வு, அதன் முனையில் 300ஐ 75க்கு மாற்றும் சிறிய உருமாற்றி இருக்க வேண்டும்.

தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கினாலும் நம் வீடுகள் டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் போய்விட்டன. ஆனால் ஆண்டெனா தேடும் தமிழர் இன்றும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோ, ஒன்டாரியோ ஏரியின் வடகரை. ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகரம். அதன் கோபுரங்கள் ஸ்கார்பரோவிலிருந்து ஏறக்குறைய 80 முதல் 130 கிலோமீட்டர். கட்டணமில்லாமல் அமெரிக்க அலைவரிசைகள் வேண்டும் என்கிறவர்கள் கூரையில் ஆண்டெனா வைத்து ஏரியைத் தாண்டிப் பிடிக்கிறார்கள். கோடையில் குளிர்ந்த ஏரி நீரின் மேல் வெப்பக் காற்று படரும்போது அலை சிக்கி ஓடுவதும் அங்கே நடக்கிறது.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம் டிஜிட்டல். அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்றும், டொராண்டோ போன்ற கனடிய நகரங்கள் 2011 ஆகஸ்ட் 31 அன்றும் அனலாக்கை நிறுத்தின. அனலாக் படம் அலை மெலிய மெலியப் புள்ளி விழுந்து மங்கும். டிஜிட்டலில், இரைச்சலை விட அலை சுமார் 15 டெசிபெல், அதாவது முப்பது மடங்கு, மேலே இருந்தால் குறையற்ற படம். அதற்குக் கீழே ஒரு டெசிபெல் இறங்கினால் படம் சதுரம் சதுரமாக உடைந்து திரை கறுக்கும். யாழ்ப்பாணத்தில் முகம் மட்டும் தெரிந்த அந்தப் புள்ளிப் படம் டிஜிட்டலில் யாருக்கும் வராது. ஓரிரு டெசிபெல்லுக்காக மெனக்கெடுவது இன்று முன்னைவிட அதிகப் பலன் தரும் என்பது இதன் மறுபக்கம்.

ஸ்கார்பரோ வீட்டுக்கு எந்த ஆண்டெனா? முதலில் எந்தச் சேனல்கள் என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் திரையில் தெரியும் எண்ணும் அலை உண்மையில் போகும் சேனலும் பெரும்பாலும் வேறு வேறு. உண்மைச் சேனலைத் தேடி எழுதிக்கொள்ள வேண்டும். 2020இல் முடிந்த மறுசீரமைப்புக்குப் பிறகு அமெரிக்க யுஎச்எஃப் ஒளிபரப்பு 36ஆம் சேனலோடு, அதாவது 608 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. அதற்குச் சற்று மேலே கைபேசி அலை. இது தேர்வை நேரடியாகப் பாதிக்கிறது. 69ஆம் சேனல் வரை பிடிக்கச் செய்த பழைய ஆண்டெனாக்களின் உச்ச ஆதாயம் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். இன்று படம் வரும் 470 முதல் 608 வரையில் அவை பல டெசிபெல் குறைவாகத் தரலாம். பரணில் கிடக்கும் பழைய பெரிய ஆண்டெனாவை விட, 608க்குள் முடியும்படி புதிதாக வடிவமைத்த அதே அளவு ஆண்டெனா மேல். வேண்டிய நிலையங்களில் ஒன்று 7 முதல் 13 வரையான விஎச்எஃப்பில் இருந்தால், அதற்கென்று நீளக் குச்சிகள் உள்ள தனி ஆண்டெனாவைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கியதாகச் சொல்லும் சிறிய வடிவங்களை நான் நம்புவதில்லை. 200 மெகாஹெர்ட்ஸில் 75 சென்டிமீட்டர் என்ற கணக்கை அவை மீற முடியாது.

அடுத்தது அங்கே மட்டும் உள்ள சிக்கல். 553 மீட்டர் உயர சிஎன் டவர் ஸ்கார்பரோவிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை. பஃபலோவின் மெல்லிய அலை தெற்கு-தென்கிழக்கிலிருந்து வரும்போது டவரின் முரட்டு அலை தென்மேற்கிலிருந்து வருகிறது. அதிகப் பெருக்கமுள்ள பூஸ்டர் அந்த முரட்டு அலையால் திணறி, தானே பொய்யான அலைகளை உண்டாக்கி, மெல்லிய அலையை அதில் மூழ்கடித்துவிடும். பூஸ்டர் போட்ட பிறகு இருந்த சேனலும் போனது என்று புலம்புகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். அவர்களுக்குத் தேவை பெருக்கம் குறைந்த, வலுத்த அலையைத் தாங்கும் பூஸ்டர். 608க்கு மேலே கைபேசி அலையை வெட்டும் வடிகட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால், திசை கூர்மையான ஆண்டெனா. இரண்டு கோபுரத் திசைகளுக்கும் இடையே சுமார் 60 டிகிரி இருக்கிறது. நீண்ட யாகி-உடாவின் முதன்மைக் கற்றைக்கும் பக்கக் கற்றைக்கும் நடுவே, ஏறக்குறைய எதுவுமே பிடிக்காத ஒரு பள்ளம் உண்டு. ஆண்டெனாவைப் பஃபலோவிலிருந்து சில டிகிரி விலக்கி, டவரை அந்தப் பள்ளத்தில் விழவைத்தால், பஃபலோ அலையில் ஒரு டெசிபெல் போகும். டவரின் அலையில் பத்துக்கும் மேல் போகும். இது எந்தக் கடையிலும் விற்காத வடிகட்டி. அளவில் அடக்கமானது, பல சேனல்களில் சீரானது என்பதற்காகப் பட்டாம்பூச்சி வடிவ உறுப்புகளை அடுக்கிய பலகை ஆண்டெனாவைச் சிலர் விரும்புவார்கள். ஆதாயத்தில் குறை இல்லை. திறந்த ஏரியைப் பார்த்த கரைமேட்டு வீட்டுக்கு அதுவே போதும். பள்ளத்தைப் பயன்படுத்த வேண்டிய வீட்டுக்கு நான் யாகி-உடாவையே சொல்வேன்.

ஆண்டெனா வரும் அட்டைப்பெட்டிமேல் எழுதிய மைல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டெனாவுக்கு எட்டும் தூரம் என்று ஒன்று கிடையாது. கோபுரத்தின் உயரம், அதன் வலு, இடையில் உள்ள மேடு, வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரம், கேபிளின் நீளம் எல்லாம் சேர்ந்துதான் தூரம். நனைந்த இலைகள் அடர்ந்த ஒரே ஒரு மரம் யுஎச்எஃப்பில் பெரிய ஆண்டெனாவின் முழு ஆதாயத்தையும் விழுங்கிவிடக்கூடும். 200 மைல் என்று அச்சிட்ட பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் எத்தனை டெசிபெல் என்று வரைபடம் வெளியிடுகிற தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

பொருத்தும் வேலை நிதானமாக நடக்கட்டும். யுஎச்எஃப்பில் அரை மீட்டர் ஏற்றினாலோ இறக்கினாலோ ஓரமாக நகர்த்தினாலோ தரையிலும் சுவரிலும் பட்டு வரும் அலைகளின் கணக்கு மாறிவிடும். ஆகவே இடத்தைத் தேடி முடித்த பிறகே குழாயை இறுக்க வேண்டும். குழாயையும் கேபிளின் உறையையும் பூமியோடு இணைக்கச் சொல்லும் மின்விதியை விட்டுவிடக் கூடாது. தொலைக்காட்சிப் பெட்டியின் மெனுவில் வலு, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். வலு அளவு இரைச்சலையும் சேர்த்தே காட்டும். பார்க்க வேண்டியது தரம். திசையைத் திருத்துவது காற்று தெளிந்த, அலை சிக்கி ஓடாத ஒரு சாதாரண மதியத்தில். தரம் வரம்பை விட எவ்வளவு மேலே நிற்கிறது என்று அறிய, கேபிளின் நடுவே 3, 6, 10 டெசிபெல் குறைக்கும் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம். பூஸ்டர் போட்டிருந்தால் ஆண்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவே. 10 செருகிய பிறகும் படம் உடையாமல் வந்தால், அந்த வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 3லேயே உடைந்தால் முதலில் உயரத்தையும், பிறகு நடுக்குழாயின் நீளத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.